ரிம்முக்குக் காசு உண்டு, கட்டுகிறவர் கைக்குக் கூலி இல்லை

சைக்கிளுக்குப் புது வீல் போடப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ரிம் நல்ல ரிம்?" இரண்டாவது கேள்வி, "என்ன விலை?" அதோடு சரி. "இதை யார் கட்டப் போறாங்க, எவ்வளவு நேரம் எடுத்துக் கட்டுவாங்க?" என்ற மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. தினமும் சைக்கிளில் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள், கேரியரின் இரண்டு பக்கமும் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் கிளம்புகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் அந்த மூன்றாவதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ரிம்மின் கம்பெனி பெயர் அப்புறம்தான்.

ஏன் என்று தெரிய, சைக்கிள் சக்கரம் எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். (பிசிக்ஸ் என்றதும் ஓடிவிட வேண்டாம், இரண்டே பத்திதான்.)

மாட்டுவண்டிச் சக்கரத்தைப் புரிந்துகொள்வது சுலபம். நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் தடித்தடியான ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டை. வண்டியின் பாரம் குடத்தில் இறங்குகிறது, குடம் தன் அடியில் நிற்கும் ஆரக்காலின் மேல் நிற்கிறது. தூணின் மேல் கூரை நிற்பது மாதிரி. சைக்கிளில் அந்தக் கதை எடுபடாது. போக்ஸ் கம்பியின் தடிமன் 2 மில்லிமீட்டர். தனியாக எடுத்துத் தரையில் ஊன்றி ஒரு விரலால் அழுத்தினாலே வளைந்துவிடும். அப்படிப்பட்ட கம்பிகளின் மேல் 80 கிலோ ஆளும் 20 கிலோ மூட்டையும் எப்படி உட்கார்ந்து போகிறார்கள்?

கயிற்றுக் கட்டில்தான் பதில். கயிறு தன்னளவில் எதையும் தாங்காது. சட்டத்துக்குள் இழுத்துக் கட்டியதும் மூன்று பேர் உட்காரலாம். சைக்கிள் வீலிலும் எல்லாக் கம்பிகளையும் முதலிலேயே நன்றாக இழுத்து வைத்திருக்கிறார்கள். நன்றாகக் கட்டிய பின் சக்கரத்தின் வலப்பக்கக் கம்பி ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 100 கிலோவைத் தொங்கவிட்டது போன்ற இழுவிசை இருக்கும். பாரம் ஏறும்போது ரிம் தரையைத் தொடும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு அமுங்குகிறது, அங்கே இருக்கும் மூன்று நான்கு கம்பிகளின் இழுவிசை கொஞ்சம் குறைகிறது. மற்ற கம்பிகளில் பெரிதாக மாற்றம் இல்லை. இழுவிசை பூஜ்ஜியத்துக்குப் போகாதவரை அந்த அடிக் கம்பி ஒரு தூண் செய்கிற வேலையைச் செய்துவிடுகிறது. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்க இன்ஜினியர் 1981-இல் 'தி பைசைக்கிள் வீல்' என்ற புத்தகத்தில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார். சக்கரம் அடிக் கம்பிகளின் மேல் நிற்கிறது என்று அவர் எழுதப்போக, இல்லை மேல் கம்பிகளிலிருந்து தொங்குகிறது என்று ஒரு கோஷ்டி வருஷக்கணக்கில் சண்டை போட்டது தனிக்கதை.

இதிலிருந்து நேராக வரும் முடிவு ஒன்று உண்டு. சக்கரத்தின் பலம் இழுவிசையில் இருக்கிறது, அந்த இழுவிசை எல்லாக் கம்பிக்கும் ஒரே மாதிரி இருப்பதில் இருக்கிறது. இது கடையில் பாக்கெட்டில் போட்டு விற்கிற பொருள் இல்லை, ஒருவர் உட்கார்ந்து கையால் செய்து தருவது.

கம்பி தளர்வாக இருந்தால் இரண்டு ஆபத்து. பள்ளத்தில் விழும்போது அடிக் கம்பிகள் முழுதாகத் தொய்ந்துபோகும், அந்த ஒரு நொடியில் பக்கவாட்டில் ஒரு தள்ளு கிடைத்தால் ரிம் பொரித்த அப்பளமாய் வளைந்துவிடும். இது திடீர் சாவு. இன்னொன்று மெதுவான சாவு, அதுதான் அதிகம் நடக்கிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து ஒரு முறை இறுகுகிறது. 700சி வீலின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 476 சுற்று. தினமும் 10 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 14 லட்சம் தடவைக்கு மேல். ஒரு கம்பியை 14 லட்சம் தடவை லேசாக ஆட்டினால் என்ன ஆகும்? கொக்கி மாதிரி வளைந்து ஹப்புக்குள் நுழைகிற கழுத்தில் மயிரிழை வெடிப்பு விழுந்து, ஒருநாள் டிங் என்று போகும். பெரும்பாலும் பின் சக்கரத்தில், ஏனென்றால் பாரத்தில் பாதிக்கு மேல் அங்கேதான். போக்ஸ் போவது பள்ளத்தினால் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பள்ளம் கடைசியாகத் தட்டுகிற கை, அவ்வளவுதான். வெடிப்பு அதற்கு மாதங்களுக்கு முன்பே ஆரம்பித்திருக்கும்.

சரி, ரிம்முக்கு வருவோம். ரிம் முக்கியமே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் அளவு. ஊரில் "28 இஞ்ச்" என்றால் பெரிய கறுப்பு சைக்கிள், ராட் பிரேக், ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். ஜெர்மனியில் "28 இஞ்ச்" என்றால் 622, அதாவது இங்கே ஹைபிரிட் சைக்கிள்களில் 700சி என்று வருவது. மலைச் சைக்கிளில் 29 என்று விற்பதும் அதே 622-தான்! 13 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒன்றின் டயர் மற்றதில் சேராது. ஆகவே இஞ்ச் கணக்கை நம்பாமல் டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் 37-622 போன்ற எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம்.

அடுத்து ரிம்மின் வெட்டுமுகம். ஒற்றைச் சுவர் ரிம் வேண்டாம். உள்ளே பெட்டி மாதிரி வெற்றிடம் இருக்கும் இரட்டைச் சுவர் அலுமினிய ரிம் எடைக்கு எடை நன்றாகத் தாங்கும். நிப்பிள் உட்காரும் துளையில் வளையம் பதித்திருந்தால் இன்னும் நல்லது. 32 முதல் 42 மில்லிமீட்டர் டயர் போடுகிறவருக்கு உள் அகலம் 19 மில்லிமீட்டர் இருந்தால் போதும். துளை எண்ணிக்கை பின்னால் 36. இங்கேதான் கடைக்காரர் சிரிப்பார், "இப்பல்லாம் 24, 28 தான் சார் ஃபேஷன்" என்பார். ரேஸ் ஓட்டுகிறவருக்கு அது சரியாக இருக்கலாம், பின்னால் அவருக்கு உதிரி சக்கரத்தோடு கார் வருகிறது. மூட்டையோடு தனியாகப் போகிறவருக்கு 36-இல் ஒரு கம்பி போனால் மீதி 35 சமாளித்து அடுத்த ஊர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். 24-இல் ஒன்று போனால் ரிம் பிரேக்கில் இடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். பழைய ரோட்ஸ்டர் சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 என்று வைத்தவர்கள் விவரமானவர்கள்.

அந்த ரோட்ஸ்டர் ரிம்மைப் பற்றி இன்னொரு விஷயம். ராட் பிரேக்கில் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிப்பதில்லை, ஹப்பைப் பார்த்த உட்புறத்தைப் பிடிக்கிறது. அதனால் வீல் கொஞ்சம் கோணினாலும் பிரேக் பாட்டுக்கு வேலை செய்யும். அரிசி மூட்டை, பால் கேன், தண்ணீர்க் குடம் என்று ஏற்றுகிற ஊருக்கு இது எவ்வளவு பொருத்தமான யோசனை! குறை என்னவென்றால் குரோம் பூசிய ஸ்டீல் ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிப்பது பேருக்குத்தான். மழைக்காலத்திலும் நகர டிராஃபிக்கில் போக வேண்டியவர் அந்த ஒரே காரணத்துக்காக அலுமினியத்துக்கு மாறலாம்.

ஆனால் அலுமினிய ரிம்மில் பக்கவாட்டில் பிரேக் பிடித்தால் ரிம் தேயும். மழையில் சேறும் மணலும் பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி அறுக்கும். பல ரிம்களில் இதற்காகவே பக்கச் சுவரில் ஒரு சின்னக் குழியோ கோடோ போட்டிருப்பார்கள், அது மறைந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். பக்கச் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் காற்றழுத்தத்திலேயே பிளந்துகொள்ளும். ஆக ரிம் பிரேக் சைக்கிளில் ரிம் என்பது பிரேக் கட்டை மாதிரி தேய்ந்து தீர்கிற சரக்கு. சொத்து இல்லை, செலவு. பி.காம். பாஷையில் சொன்னால் தேய்மானக் கணக்கில் போட வேண்டியது. தேய்ந்துபோகப் போகிற சாமானுக்கு ஏகப்பட்ட காசைக் கொட்டிவிட்டு, அதைத் தாங்கி நிற்கும் கம்பியிலும் கூலியிலும் மிச்சம் பிடிப்பது என்ன கணக்கு?

"டிஸ்க் பிரேக் போட்டால் ரிம் தேயாதே" என்பார்கள். நியாயம். மழையில் ஓட்டுகிறவருக்கு நல்ல தேர்வு. ஆனால் டிஸ்க்கில் பிரேக் பிடிக்கும் விசை முழுதும் ஹப்பிலிருந்து கம்பிகள் வழியாகத்தான் ரிம்முக்குப் போக வேண்டும். அதாவது கம்பிக்கு வேலை கூடுகிறது. முன் சக்கரத்தில்கூட டிஸ்க் இருக்கும் பக்கம் இடம் விட வேண்டியிருப்பதால் இரண்டு பக்கக் கம்பிகளின் இழுவிசை சமமாக இராது. கட்டுகிறவரின் முக்கியத்துவம் டிஸ்க்கில் ஏறத்தான் செய்கிறது.

இடதும் வலதும் சமமில்லாத இந்த விவகாரம் பின் சக்கரத்தில் படுமோசம். வலப்பக்கம் 8, 9, 10 என்று பல் சக்கரங்களை அடுக்குவதால் அந்தப் பக்கக் கம்பிகள் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கின்றன, இடப்பக்கக் கம்பிகள் சாய்ந்து நிற்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் இடப்பக்கத்தின் இழுவிசை வலப்பக்கத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்க முடியும். வலப்பக்கத்தையே பாதி இறுக்கத்தில் விட்டால் இடப்பக்கம் என்ன கதி? தளர்ந்த கம்பியில் நிப்பிள் தானாகவே சுழன்று இன்னும் தளரும். புது சைக்கிள் வாங்கி மூன்றாவது மாதம் வீல் ஆடுகிறது என்ற புலம்பலில் பெரும்பங்கு இதுதான். மெஷினில் கட்டும் சக்கரங்கள் பார்வைக்கு நேராகத்தான் ஓடும். நன்றாக இறுக்கும்போது நிப்பிளோடு கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், அதைக் கவனித்துத் திருப்பிவிட நேரம் பிடிக்கும், அதனால் மலிவான சக்கரங்களில் அந்தக் கடைசிக் கட்டத்தைச் செய்யாமல் விட்டுவிடுவது சகஜம்.

கம்பியில் என்ன பார்ப்பது? துருப்பிடிக்காத ஸ்டீல், நடுவில் மெலிந்து இரண்டு முனையிலும் தடித்தது. 2.0 / 1.8 / 2.0 என்று விற்பார்கள். மெலிந்தது எப்படி அதிக நாள் உழைக்கும் என்று தோன்றும். நடுப்பகுதி கொஞ்சம் கூடுதலாக இழுபடுவதால் ரிம் அமுங்கும்போது கம்பி சட்டென்று தொய்வதில்லை, பலவீனமான கழுத்துப் பகுதிக்கு அடி குறைவாகப் போகிறது. தடித்த கம்பிதான் பலம் என்று 13 கேஜ் கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் பல நேரம் தங்கள் ரிம்மைத்தான் சோதிக்கிறார்கள். நிப்பிள் பித்தளையில் இருக்கட்டும். அலுமினிய நிப்பிளில் மிச்சமாவது சில கிராம், கடற்கரை ஊரில் அது அரித்துப்போனால் திருப்பவே வராது.

இப்போது கட்டுகிற வேலை. கம்பிகளைக் கோர்ப்பது கஷ்டமே இல்லை. 36 துளைக்கு ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைத் தாண்டிப் போகும் முறை, ஒருமுறை பார்த்தால் யாருக்கும் வந்துவிடும். ஷெல்டன் பிரவுன் என்று அமெரிக்காவில் ஒரு சைக்கிள் கடை மெக்கானிக், 2008-இல் காலமானார், அவர் எழுதி வைத்த குறிப்புகளைப் படித்தே உலகம் முழுக்கப் பலர் முதல் சக்கரத்தைக் கட்டியிருக்கிறார்கள். நேரம் எடுப்பது அதற்கு அப்புறம். எல்லா நிப்பிளையும் ஒரே அளவு திருப்பி ஆரம்பித்து, அரைச் சுற்று, கால் சுற்று என்று ஏற்ற வேண்டும். பக்கவாட்டுக் கோணல், மேல்கீழ் ஏற்ற இறக்கம், நடுவில் நிற்கிறதா என்பது, இழுவிசை, நான்கையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். கம்பியைச் சுண்டிப் பார்த்தால் ஒரே பக்கக் கம்பிகள் ஒரே சுருதியில் பேச வேண்டும். மீட்டர் இல்லாத மெக்கானிக்குக் காதுதான் மீட்டர்.

பிறகு ஒரு காரியம் உண்டு, பலர் செய்யாதது. அடுத்தடுத்து ஒரே திசையில் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்துப் பலமாக நசுக்க வேண்டும், சக்கரம் முழுக்க. கம்பியைத் தயாரிக்கும்போது வளைத்த இடத்தில் தங்கிப்போன உள் அழுத்தம் இதில் இளகிவிடும், கழுத்தும் ஹப்பில் ஒழுங்காகப் படிந்து உட்காரும். பிராண்ட் தன் புத்தகத்தில் இதை அவ்வளவு வலியுறுத்துகிறார். நசுக்கியதும் கோணல் கொஞ்சம் திரும்ப வரும், மறுபடி சரிசெய்து, மறுபடி நசுக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் ஒரு பைசா இல்லை, பத்து நிமிஷமும் உள்ளங்கை வலியும்தான். கம்பியின் ஆயுளை இவ்வளவு மலிவாக நீட்டிக்க வேறு வழி கிடையாது.

தெருமுனை சைக்கிள் கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியாது என்று எழுதினால் அபாண்டம். வயதான மெக்கானிக்குகளில் பலருக்குக் கை பேசும். வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்துச் சுற்றி, உரசும் இடத்தில் நிப்பிளைத் திருப்பி ஐந்து நிமிஷத்தில் கோட்டம் எடுத்துவிடுவார். ஏன் ஐந்து நிமிஷம்? ஏனென்றால் ஐந்து நிமிஷத்துக்கு உண்டான கூலிதான் கிடைக்கும். பக்கத்தில் நிற்கிற ஆள் "சீக்கிரம்ணா, ஆபீஸுக்கு நேரமாச்சு" என்பார். அந்த அவசரத்தில் இறுக்கத்தான் முடியும். எதிர்ப்பக்கக் கம்பியைத் தளர்த்திச் சமன் செய்ய முடியாது. நான்கு வருஷம் இப்படி இறுக்கினால் சில கம்பி வீணைத் தந்தியாகவும் சில கம்பி கொடிக்கயிறாகவும் ஆகிவிடும். குற்றம் அவருடையதா, "அண்ணே, ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்ல, எல்லாத்தையும் சமமா வச்சுக் குடுங்க, கூலி தர்றேன்" என்று ஒருநாளும் சொல்லாத ஆளுடையதா?

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடலாம். ஒருவர் 2000 ரூபாய்க்கு ரிம் வாங்கி, 200 ரூபாய்க்குக் கட்டி வாங்குகிறார். இன்னொருவர் 1000 ரூபாய் ரிம், மிச்சக் காசில் நல்ல கம்பி, 600 ரூபாய் கூலி. முதலாமவருக்கு ஆறாம் மாதத்திலிருந்து மாதம் ஒரு கம்பி போகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பி விலை சில ரூபாய்தான். அன்றைக்குப் போகாத வேலை, கொடுத்த ஆட்டோ காசு, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் வெயிலில் தள்ளிக்கொண்டு போன தூரம், இதெல்லாம் எந்த பில்லிலும் வராது. பில்லில் வராத செலவை ஜனங்கள் செலவாகவே நினைப்பதில்லை. இதில் உண்மையில் அடிபடுகிறவர் 60,000 ரூபாய் சைக்கிள்காரர் இல்லை, அவருக்கு வேறு வண்டி இருக்கும். காலை ஷிஃப்டுக்கு 12 கிலோமீட்டர் மிதிக்கிற தொழிலாளி, விலையில்லா சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பதினோராம் வகுப்புப் பெண், இவர்களுக்குத்தான் ஒரு கம்பி போனால் ஒரு நாள் போகும். புது சைக்கிளோ பழைய சைக்கிளோ, முதல் மாதம் ஓட்டிய பிறகு ஒருமுறை இரண்டு சக்கரத்தையும் சமமாக இறுக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. பள்ளிக்கூட வாசலில் வருஷத்தில் ஒரு நாள் ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்து இதைச் செய்தால் என்ன? பெற்றோர் ஆசிரியர் கழகம் யோசிக்கலாம்.

ஒரே சக்கரத்தில் மூன்று கம்பி போய்விட்டால் நான்காவதை மட்டும் மாற்றுவது வீண் வேலை. எல்லாமே அதே 14 லட்சம் தடவை ஆடியவை, வரிசையில் நிற்கின்றன. எல்லாக் கம்பியையும் கழற்றிப் புதிது போடச் சொல்ல வேண்டும். "இதுவரைக்கும் மாத்தின காசு வீணாகுமே" என்று தோன்றும், அந்தக் காசு ஏற்கெனவே போய்விட்டது.

பெரிய டயர் போடுவதும் ரிம்மைக் காப்பாற்றும் வேலைதான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 25 மில்லிமீட்டர் டயரில் வேகத்தடை ஏறுகிறவர் எந்த ரிம் வாங்கினாலும் நெளியும். 37-க்கு மாறி, வாரம் ஒருமுறை காற்று பார்த்தால் அதே ரிம் பேசாமல் உழைக்கும்.

நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ரிம் தேய்ந்துவிட்டால் கம்பிகளைக் கழற்றி எறிய வேண்டாம். நிப்பிள் உட்காரும் இடத்தின் விட்டம் ஒன்றாக இருக்கும்படி, அதே துளை எண்ணிக்கையில் புது ரிம் வாங்கி, பழைய ரிம்முக்குப் பக்கத்தில் துளைக்கு நேராகத் துளை வரும்படி வைத்து டேப்பால் ஒட்டிவிட்டு, எல்லா நிப்பிளையும் தளர்த்தி, கம்பியை ஒவ்வொன்றாகப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டிக்கொண்டே போகலாம். பின்னலைக் கலைக்க வேண்டியதே இல்லை. ஹப் அதே, கம்பி அதே. நிப்பிள் மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்வது நல்லது. பிறகு அதே மெக்கானிக்கிடம் கொண்டுபோய், பக்கத்து டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.